இறக்கக் கூடாத சட்டி

வேலம்பட்டி,
குன்றாண்டார்கோவில் வழி.
6–3–1944

பிச்சைமுத்துவுக்குப் பெரியகருப்பன் எழுதுவது.

சுகம் விசாரித்து எழுத எனக்கு மனம் இல்லை. நீயும் அதை எதிர்பார்க்க மாட்டாய். ஆகையால் காரியத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் என் பெண்டாட்டியின், அதாவது உன் அக்காளின் கருமாதிக்கு வந்தவன், போகும்போது என் மகளையும் கூட்டிக்கொண்டு போனாய். "புள்ள ராவும் பகலும் அழுகுது மச்சான், ஒரு மாசம் எங்கிட்ட இருக்கட்டும்" என்றாய். நானும் புத்தி மழுங்கிக் கிடந்த நேரம், சரி என்றேன். அப்படிச் சொன்னவன் தீபாவளிக்கும் அனுப்பவில்லை, பொங்கலுக்கும் அனுப்பவில்லை. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவது என்பார்களே, அதை உன்னிடம்தான் பார்த்தேன்.

இங்கே நிலைமை உனக்குத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை இரண்டும் பொய்த்துவிட்டன. கண்மாய் வெடித்து, அந்த வெடிப்பில் ஆட்டுக்குட்டி கால் மாட்டி ஒடித்துக்கொள்கிறது. மாசி மாதத்திலேயே இந்த வெயில். கரை ஆலமரத்திலிருந்து வௌவால்கள் பொத்துப் பொத்தென்று விழுந்து சாகின்றன. வெள்ளைச்சாமியின் தகப்பனார் கொல்லையில் மண்வெட்டியைப் பிடித்தபடியே சாய்ந்தார், எழுந்திருக்கவில்லை. குளத்தூர்ச் சந்தைக்கு ஓட்டிப் போன மாடுகளில் பாதி வழியிலேயே விழுந்துவிட்டன.

ஊர் கூடிப் பேசிவிட்டது. என் பெண்டாட்டி உண்ணாமலை போன வருஷம் அம்மனுக்கு எடுத்த அக்கினிச்சட்டி கோவில் வாசலுக்கு வந்து சேரவில்லை. பாதியில் நின்ற நேர்த்திக்கடன்தான் ஊரைச் சுடுகிறது என்கிறார்கள். தாய் விட்டதை மகள் எடுத்து முடிக்க வேண்டும், எங்கள் ஊர் முறை அது. சித்திரை இரண்டாம் செவ்வாய் காப்புக் கட்டு. காப்புக் கட்டிவிட்டால் நான் ஊர் எல்லையைத் தாண்ட முடியாது. ஆகவே பங்குனிக்குள் செவந்தியை நீயே கொண்டுவந்து விட்டுவிடு.

பெரியகருப்பன்

*

மீமிசல்,
14–3–1944

மச்சானுக்கு,

கார்டில் எழுதினால் உங்கள் ஊர்த் தபால்காரர் வாசித்துவிட்டுத்தான் கொடுப்பார் என்று கவரில் எழுதுகிறேன். உங்கள் மானத்துக்குப் பயந்து அல்ல. செவந்தியின் பெயர் ஊர் வாயில் விழக் கூடாது என்றுதான்.

அனுப்ப மாட்டேன்.

இதோடு நிறுத்தியிருப்பேன். சட்டி "வந்து சேரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபின் நிறுத்த முடியவில்லை. என் அக்காளும்தான் வந்து சேரவில்லை, மச்சான். அதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை.

அன்றைக்கு நான் அங்கே இல்லை. உங்கள் பக்கத்து வீட்டு அழகி கருமாதியன்று என்னைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். வருஷா வருஷம் விடியற்காலையில் ஊருணிக்கரையில் சட்டியில் நெருப்பு வளர்த்து, வெயில் ஏறுமுன் கோவிலுக்கு வந்துவிடுவீர்கள். போன வருஷம் ஊருணி காய்ந்து கிடந்தது. தண்ணீர் இருக்கிற இடத்தில்தான் சட்டி எடுக்க வேண்டும் என்று, பாறைக்கு அந்தப் பக்கம் கல் வெட்டிய குழியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்ததே, அங்கே அத்தனை பேரும் போனீர்கள். போய்ச் சேர்வதற்குள் பொழுது ஏறிவிட்டது. திரும்பும்போது உச்சி வெயில். காலுக்குக் கீழே பாறை, கையில் நெருப்பு. சட்டி எடுத்து வருகிறவர்கள் காலில் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவது வழக்கம், போன வருஷம் ஊற்ற எந்த வீட்டிலும் தண்ணீர் இல்லை. விரதம் என்று அவளும் முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தாள்.

பாறையில் ஏறும்போது தள்ளாடினாளாம். சிரித்தாளாம். யார் யார் பெயரையோ சொல்லிக் கூப்பிட்டாளாம். "ஆத்தா வந்துட்டா!" என்று குலவை போட்டார்கள், மேளத்தை ஓங்கி அடித்தார்கள், மழை எப்போது வரும் என்று குறி கேட்டார்கள். அவள் உங்கள் முகத்தைப் பார்த்து, "எறக்கி வச்சிர்றேங்க, கை தாங்கலீங்க" என்று சொன்னாள். அழகி தன் காதால் கேட்டது. நீங்கள் என்ன செய்தீர்கள்? அவள் கைக்கு அடியில் உங்கள் கையைக் கொடுத்துச் சட்டியைத் தூக்கிப் பிடித்தீர்கள். விழுந்தபின்னும் அருள் தணியட்டும் என்று கோவில் கொட்டகையில் போட்டுவிட்டுச் சுற்றி நின்றீர்கள். பொழுது சாயும்போது அவள் போய்விட்டாள்.

அது ஆத்தா இல்லை. ரங்கூனில் குண்டு விழுந்தபின் மலை வழியாக நடந்து வந்தோமே, அங்கே நான் இதைப் பார்த்திருக்கிறேன். என்னோடு வட்டிக்கடையில் இருந்த குளத்தூர் அடைக்கலத்துக்கு முதலில் வியர்வை நின்றது. உடம்பு அடுப்புக்கல்லாகச் சுட்டது. பிறகு சிரித்தான், செத்துப்போன தாயோடு பேசினான், சட்டையைக் கிழித்துக்கொண்டான். நாங்களும் பேய் பிடித்துவிட்டது என்று வேப்பிலை தேடிக்கொண்டிருந்தோம். கடைசியில் அவனைப் பாதையோரம் போட்டுவிட்டு நடந்தோம். வெயில் ஓர் ஆளை எப்படிக் கொல்லும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

நான் கணக்கு எழுதும் உப்பளத்தில் கூட வெயில் ஏறுமுன் உப்பை வாரிவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். அந்த யோசனை உங்கள் ஊரில் ஒருவருக்கும் இல்லை. பதினோரு வயசுப் பிள்ளையின் கையில் நெருப்பைக் கொடுக்கக் கூட்டம் போட்டிருக்கிறீர்கள்!

பிச்சைமுத்து

*

வேலம்பட்டி,
22–3–1944

பிச்சைமுத்துவுக்கு,

மூச்சுக்கு மூச்சு மச்சான் என்று எழுதிக்கொண்டே கழுத்தை அறுக்கிற வித்தையை ரங்கூனில் கற்றுக்கொண்டாயா?

வெயிலைப் பற்றி நீ எனக்குச் சொல்ல வேண்டாம். மீசை முளைக்கும் முன்னாலிருந்து இந்தப் பொட்டலில் ஏர் பிடிக்கிறவன் நான். நீ நிழலில் உட்கார்ந்து பேரேடு புரட்டிய ஆள்.

ஆமாம், என் கை அவள் கைக்கு அடியில் இருந்தது. என் உள்ளங்கை வெந்து தோல் உரிந்தது, வெகுநாள் கலப்பையைத் தொட முடியவில்லை. அதை அழகி சொன்னாளா? பாதியில் இறக்கினால் எடுத்தவளுக்கும் ஆகாது, யாருக்காக நேர்ந்துகொண்டதோ அந்த உயிருக்கும் ஆகாது. அதனால் பிடித்தேன்.

எந்த உயிர் என்று நீ கேட்கவில்லை. இத்தனை பக்கம் எழுதியவனுக்கு அதை மட்டும் கேட்கத் தோன்றவில்லை. கடன் முடியும்வரை யாருக்காக என்பதை அந்த ஆளிடம் சொல்லக் கூடாது, எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். கடனை முடிக்கவும் விடமாட்டேன் என்கிறாய், இனி எதற்குக் கட்ட வேண்டும்?

ரங்கூனில் குண்டு போட்டுவிட்டான் என்ற சேதி வந்த அன்று உண்ணாமலை அடுப்பில் கொதித்த உலையை அப்படியே விட்டுவிட்டு அம்மன் வாசலில் போய் விழுந்தாள். "எந் தம்பி உசுரோட வந்து நின்னா தீச்சட்டி எடுக்கிறேன் தாயே" என்று நேர்ந்துகொண்டாள். நீ வந்து நின்றாய். எலும்பும் தோலுமாக என் வீட்டு வாசலில் வந்து நின்றாய். உன்னைத் தேற்றி எழுப்பவே அந்த வருஷம் சரியாகப் போயிற்று. அடுத்த சித்திரையில் எடுத்தாள். கட்டிக்கொள்ள மஞ்சள் சேலை பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும் என்று உனக்குச் சொல்லி அனுப்பினாள். எதற்கு என்று கேட்டாயா? வாங்கி அனுப்பினாய். அதைக் கட்டிக்கொண்டுதான் பாறையில் நடந்தாள்.

இப்போது என் கையைப் பற்றிப் பேசு.

பெரியகருப்பன்

*

மீமிசல்,
31–3–1944

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து நான் உப்பளத்துக்குப் போகவில்லை. செவந்தி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காச்சலா மாமா?" என்று கேட்டாள்.

அந்தச் சேலையை அறந்தாங்கி ஜவுளிக்கடையில் நானேதான் பொறுக்கி எடுத்தேன். சீக்கிரம் கிழியக் கூடாது என்று தடித்த நூலாகப் பார்த்து எடுத்தேன். அந்த வெயிலில் அதைப் போய்க் கட்டிக்கொண்டு...

என் நெஞ்சில் குத்த வேண்டும் என்று எழுதினீர்கள், குத்திவிட்டது. சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். இதை இவ்வளவு நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்து, பிள்ளையைத் தரமாட்டேன் என்றதும் எடுத்து வீசுகிறீர்களே, அம்மனுக்குப் பயந்து வைத்திருந்தீர்களா, என்னை அடிப்பதற்கென்று வைத்திருந்தீர்களா?

என் உயிருக்கு நேர்ந்தது என்றால் கடன்பட்டவன் நான். நானே வருகிறேன், நானே சட்டி எடுக்கிறேன். விடியற்காலம் எடுக்கச் சொன்னாலும் சரி, உங்கள் ஊருக்கு உச்சி வெயில்தான் வேண்டும் என்றாலும் சரி. அவளை மட்டும் கேட்காதீர்கள். இது கெஞ்சல் என்று நினைத்தால் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள்.

பிச்சைமுத்து

*

வேலம்பட்டி,
7–4–1944

பிச்சைமுத்துவுக்கு,

நீ எழுதியதை ஊரில் கேட்டேன். கேட்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. யாருக்காக நேர்ந்ததோ அவனே எடுத்தால் அது செல்லாது, அதுவும் அவன் அசலூர்க்காரன், எடுத்தவள் வீட்டு ஆள்தான் எடுக்க வேண்டும் என்று பூசாரி ஒரே போடாகப் போட்டுவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

ஊரிலேயே இப்போது தண்ணீர் ஊறுகிற கிணறு ஒன்றுதான். முறை வைத்து இறைக்கிறார்கள். "சாமி கடன் வச்சிருக்கிற வீட்டுக்கு மொறை கெடையாது" என்று போன வாரம் என் குடத்தைத் திருப்பி அனுப்பினார்கள். உழவு மாடு ஒன்று தொழுவத்திலேயே நாக்கைத் தள்ளிச் செத்தது. மற்றதும் எழுந்திருக்கவில்லை. அழகிதான் தன் முறையில் எனக்கு ஒரு குடம் ஒளித்துக் கொடுக்கிறாள். உன்னிடம் கதை சொன்னவள் கையால் வாங்கித்தான் குடிக்கிறேன், போதுமா?

சித்திரை பிறக்கும் முன் நானே வருகிறேன். பிள்ளைக்குத் தகப்பன் நான், நீ அல்ல. மறித்தால் அறந்தாங்கியிலிருந்து போலீசைக் கூட்டிக்கொண்டு மறுபடி வருவேன். தாய்மாமன் உரிமை எல்லாம் சீர் செய்யும்போது வந்து காட்டு.

பெரியகருப்பன்

*

வேலம்பட்டி,
15–4–1944

பிச்சைமுத்துவுக்கு,

நீ மனுஷனா? கரி பஸ்ஸில் புகையைக் குடித்துக்கொண்டு அறந்தாங்கி வந்து, அங்கிருந்து வண்டியும் நடையுமாக உன் வாசலுக்கு வந்து நின்றேன். பகையாளி வந்தாலும் ஒரு செம்புத் தண்ணீர் கொடுப்பார்கள். நீ கதவை மறித்துக்கொண்டு, "வந்த வழியே போங்க" என்றாய். கையில் அகப்பட்டதை எடுத்து உன் மண்டையைப் பிளந்திருப்பேன். பிள்ளை உன் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் தப்பினாய்.

வளர்ந்திருக்கிறாள். அவள் அம்மாவின் நடை அப்படியே வந்திருக்கிறது. "கெளம்பு ஆத்தா, நம்ம ஊருக்குப் போவோம்" என்றேன். அழவில்லை, மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்ளே போய் மூட்டை கட்டினாள். உன் முகம் செத்துப்போயிற்று. எனக்கு ஜெயித்துவிட்டது போல இருந்தது. மூட்டையை இடுக்கிக்கொண்டு வந்து நின்று கேட்டாள்: "அப்பா, எனக்குக் கை தாங்கலைன்னா நடுவுல எறக்கி வைக்கலாமா? இல்ல, அம்மாவுக்குப் புடிச்ச மாதிரி நீங்க புடிச்சுக்குவீங்களா?"

நீ சொல்லிக் கொடுத்தாய் என்றுதான் முதலில் நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் அப்படி இல்லை என்று தெரிந்துவிட்டது. அன்றைக்கு அவளும் கூட்டத்தில் நின்று பார்த்தவள்தானே. அவள் கேலி செய்யவும் இல்லை, குற்றம் சொல்லவும் இல்லை. போகிற இடத்து வழக்கம் என்ன என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

அவள் கன்னத்தில் ஓர் அறை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தேன். என் பிள்ளை மேல் நான் கை வைத்ததே கிடையாது. அதையும் செய்ய வைத்துவிட்டாய்.

அவள் வர வேண்டாம். எடுத்தவள் வீட்டு ஆள்தான் எடுக்க வேண்டும் என்றால் நானும் அந்த வீட்டு ஆள்தான். பூசாரியிடம் சண்டை போட்டு ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன். அதே குழியில் எடுத்து, அதே பாறையில் நடந்து, கோவிலில் கொண்டுபோய் இறக்குகிறேன். இறக்கிவிட்டு உனக்கு எழுதுகிறேன், என் பெண்டாட்டி விதி முடிந்து போனாள், என் கையால் போகவில்லை என்று. அன்றைக்கு நீ வந்து என் காலில் விழ வேண்டும்.

பெரியகருப்பன்

*

மீமிசல்,
21–4–1944

மச்சானுக்கு,

தண்ணீர் கொடுக்காதது என் தப்புதான் என்று எழுதுவேன் என எதிர்பார்க்காதீர்கள். அன்றைக்குக் கொடுக்க மனம் வரவில்லை. இன்றைக்கு நீங்கள் வந்து நின்றாலும் மனம் வராது.

நீங்கள் சட்டி எடுப்பதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இங்கே ஒருத்தி அடித்த அப்பனுக்காக வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். கட்டிய மூட்டையை இன்னும் அவிழ்க்கவில்லை. "அப்பா தண்ணி குடிக்காமப் போயிட்டாங்க மாமா" என்று என்னைத்தான் முறைக்கிறாள். தாயைப் பறிகொடுத்த பிள்ளையைத் தகப்பனும் இல்லாமல் செய்ய உங்களுக்கு உரிமை கிடையாது. அவளுக்காக எழுதுகிறேன்.

விரதம் என்றாலும் முந்தின நாள் நீராகாரத்தில் உப்புப் போட்டு வயிறு நிறையக் குடியுங்கள். தலையில் ஈரத்துணி கட்டுங்கள். நடக்கும்போது வியர்வை நின்று, தோல் காய்ந்து, அந்த வெயிலிலும் உடம்பு சிலிர்த்தால், அந்த இடத்திலேயே சட்டியை இறக்கிவிட்டு நிழலுக்குப் போய்விடுங்கள். அடுத்த மரம் வரை பார்ப்போம் என்று நினைக்காதீர்கள். அதற்குப் பிறகு உங்கள் புத்தி உங்களிடம் இருக்காது, இறக்க வேண்டும் என்றே தோன்றாது. பிடித்துக்கொள்ள ஆள் இருப்பார்கள். இறக்கச் சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். எடுத்து முடித்ததும் பிள்ளைக்கு ஒரு வரி எழுதுங்கள்.

பிச்சைமுத்து

*

வேலம்பட்டி,
9–5–1944

பிச்சைமுத்துவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதைப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படி. மீதியை அவளுக்கு வாசித்துக் காட்டாதே.

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்து அடுப்பில் போட்டேன். நீராகாரம் குடிக்கவில்லை, ஈரத்துணியும் கட்டவில்லை. நீ சொல்லி நான் கேட்பதா என்ற வீம்பு. விடியுமுன்தான் புறப்பட்டோம். ஆனால் குழியில் தண்ணீர் சேறாகக் கிடந்தது, தெளிந்து கரகம் நிரம்பட்டும் என்று பூசாரி காத்திருந்தார். பாறைக்கு வரும்போது உச்சி.

பாறை காலைப் பிய்த்தது. முதலில் தாகம், பிறகு தாகம் கூடத் தெரியவில்லை. உடம்பு சிலிர்த்தது. முழங்கையை மார்பில் தேய்த்துப் பார்த்தேன், ஒரு சொட்டு ஈரம் இல்லை, காய்ந்த பனையோலை மாதிரி இருந்தது. கிழித்துப் போட்ட கடிதம் நெருப்புக்கு இரையானாலும் நீ எழுதியது மண்டையில் இருந்து தொலைக்கிறதே. மேளச் சத்தம் எங்கோ தூரத்தில் போய்விட்டது. சிரிக்க வேண்டும் போல இருந்தது. சிரித்தேன் என்றுதான் அழகி சொல்கிறாள். பக்கத்தில் யாரோ, "சாமி வந்திருச்சு!" என்று கத்தினார்கள்.

எந்தச் சாமியும் வரவில்லை, பிச்சைமுத்து. எனக்குள்ளே நான் மட்டும்தான் இருந்தேன். அப்படியானால் அன்றைக்கு அவளுக்குள்ளும் அவள் மட்டும்தான் இருந்திருக்கிறாள். என்னைப் பார்த்து, மரியாதை குறையாமல், இறக்கி வைத்துவிடவா என்று கேட்டது அவள்தான்.

கை தளர்ந்தது. வெள்ளைச்சாமி ஓடிவந்து என் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்தான். நல்ல எண்ணத்தோடுதான் கொடுத்தான், நான் கொடுத்தது மாதிரியே. அவனை எட்டி உதைத்துவிட்டுச் சட்டியைப் பாறையில் இறக்கி வைத்தேன். மேளம் நின்றது. ஒருவரும் கிட்டே வரவில்லை. அழகி மட்டும், அபிஷேகத்துக்கென்று வண்டியில் வந்த குடத்தைத் தூக்கி என் தலையில் கவிழ்த்தாள். சாமி குடத்தைத் தொட்டுவிட்டாள் என்று அவளையும் வைதார்கள்.

ஊர் என்னை விலக்கி வைத்துவிட்டது. நீரும் நெருப்பும் கிடையாது. அதை நான் தாங்கிக்கொள்வேன், பாறைக்குழிச் சேற்றை வடிகட்டிக் குடித்துக்கொள்வேன். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் விட்ட கடனைச் சேர்த்துப் பிள்ளை தலையில் வைத்துவிட்டார்கள். அடுத்த சித்திரையோ அதற்கடுத்ததோ, என்றைக்கு இந்த ஊர் மண்ணை மிதித்தாலும் செவந்திதான் எடுக்க வேண்டுமாம். சடங்கானாலும் கல்யாணமாகிப் போனாலும் விடமாட்டார்கள். மழை பெய்யாத வருஷமெல்லாம் அவள் பெயரைச் சொல்வார்கள்.

ஆகையால் அவளை அனுப்பாதே. நானே கேட்டாலும் அனுப்பாதே. தனியாக இருக்கிறவன், ஊர் நாளும் அரித்துக்கொண்டே இருக்கும், ஒருநாள் மனம் கெட்டு மறுபடியும் உன் வீட்டுக்கு வந்து நின்றாலும் நிற்பேன். அப்போதும் என்னை உள்ளே விடாதே.

உன்னை நான் மன்னிக்கவில்லை. அந்த மலைப்பாதையில் நீ செத்திருந்தால் என் பெண்டாட்டி இன்று இருந்திருப்பாள். இதை நினைக்காமல் எனக்கு ஒரு பொழுது போகவில்லை, மறைத்து வைத்துக்கொண்டு நல்லவனாக எழுதவும் தெரியவில்லை. நீயும் என்னை மன்னிக்க வேண்டாம். அவள் கேட்டபோது பிடித்தவன் நான், அதற்கு உன் மன்னிப்பு காணாது.

மார்கழித் திருவாதிரைக்கு ஆவுடையார்கோவிலுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. அப்போது வெயில் தணிந்திருக்கும். நான் கூட்டத்தில் ஓர் ஓரமாக நிற்பேன். நீ என்னோடு பேச வேண்டாம், நானும் உன்னோடு பேச மாட்டேன். நான் நிற்கிறேன் என்று அவளிடம் சொல்லவும் வேண்டாம். கொஞ்சம் மெதுவாக நடக்க மட்டும் சொல்.

பெரியகருப்பன்